வீட்டு சிமுலேட்டர்ல டர்போபிராப் இன்ஜின் நிஜமா நடந்துக்குதான்னு எப்படி செக் பண்றது

சிமுலேட்டர்ல ஒரு டர்போபிராப் விமானம் (டர்பைன் இன்ஜின் பிரொப்பெல்லரை சுத்தற வகை) நல்லா இருக்கா இல்லையான்னு நிறைய பேர் காக்பிட் படத்தையும் சத்தத்தையும் வச்சு தான் முடிவு பண்றாங்க. இன்ஜின் ஒழுங்கா நடந்துக்குதாங்கறது அதுல தெரியவே தெரியாது. அதுக்கு நான் முதல்ல பாக்கற விஷயம் ஒண்ணு தான், பவர் லீவரை முன்னாடி தள்ளிட்டே போனா எந்த மீட்டர் முதல்ல சிவப்புக் கோட்டைத் தொடுது, டார்க்கா (பிரொப்பெல்லரை முறுக்கற விசை), ஐடிடியா (இன்ஜினுக்குள்ள இருக்கற சூடு)? தரைக்குப் பக்கத்துல, காத்து குளிர்ச்சியா இருக்கறப்போ டார்க் முதல்ல தொடணும், உயரத்துல, அதுவும் சூடான நாள்ல, ஐடிடி முதல்ல தொடணும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுற உயரம் சரியா வந்துச்சுன்னா அந்த மாடலை செஞ்சவங்க இன்ஜினைப் புரிஞ்சுக்கிட்டு செஞ்சிருக்காங்கன்னு நம்பலாம். வரலன்னா மத்த அழகெல்லாம் இருந்தும் பறக்கறவனுக்கு வேலையே இல்லாம போயிடும், லீவரை முழுசா தள்ளிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கலாம், அவ்ளோ தான்.

முதல்ல இன்ஜின் உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு சின்ன படம் மனசுல வேணும். சென்னைலேர்ந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆர்ல, அதாவது ரெண்டு டர்போபிராப் இன்ஜின் இருக்கற பயணிகள் விமானத்துல, போனவங்க சில சமயம் ஒண்ணு கவனிச்சிருக்கலாம், விமானம் நின்னுட்டு இருக்கும், வலது பக்க இன்ஜின் கிர்ருனு விசிலடிச்சு ஓடிட்டு இருக்கும், ஆனா பிரொப்பெல்லர் அசையாம நிக்கும். அதுக்கு ஹோட்டல் மோடுன்னு பேரு. பிரொப்பெல்லரை பிரேக் போட்டு பிடிச்சு வச்சுட்டு, இன்ஜின்லேர்ந்து கரெண்டும் காத்தும் மட்டும் எடுத்துக்கறாங்க. ரெண்டும் ஒரே ஷாஃப்ட்ல இருந்தா இதைப் பண்ணவே முடியாது. பிராட் அண்ட் விட்னி கனடாவோட பிடி6, ஏடிஆர்ல இருக்கற பிடபிள்யூ127 ரெண்டுமே ஃப்ரீ டர்பைன் வகை. காத்தை அமுக்கி எரிபொருளை எரிக்கற பாகம் தனியா சுத்தும், பிரொப்பெல்லரை சுத்தற டர்பைன் தனியா சுத்தும், ரெண்டுக்கும் நடுவுல இரும்புத் தொடர்பு கிடையாது, சூடான வாயு மட்டும் தான் தொடர்பு. முதல் பாகத்தோட வேகம் தான் என்ஜி, சதவீதத்துல காட்டும். பிரொப்பெல்லர் வேகம் என்பி. டர்பைன்களுக்கு நடுவுல இருக்கற சூடு ஐடிடி. பிரொப்பெல்லர் ஷாஃப்டை முறுக்கற விசை டார்க். இதோட ஃப்யூவல் ஃப்ளோவும் சேர்ந்தா மொத்தம் அஞ்சு மீட்டர், நம்ம சோதனை எல்லாமே இந்த அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு எப்படி உறவாடுதுங்கறது தான்.

எந்த விமானத்தை எடுத்துக்கறதுன்னா, ஆரம்பிக்கறவங்களுக்கு செஸ்னா கேரவன் தான் என்னோட சாய்ஸ். ஒரே இன்ஜின், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத பழைய மாதிரி லீவர், எல்லா சிமுலேட்டர்லயும் ஏதோ ஒரு வடிவத்துல கிடைக்குது. ஆனா எந்த கேரவன்னு பாத்துக்கோங்க, 675 ஹார்ஸ்பவர் பிடி6ஏ-114ஏ போட்டது ஒண்ணு, 867 ஹார்ஸ்பவர் பிடி6ஏ-140 போட்ட ஈஎக்ஸ் இன்னொண்ணு, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்ல கூடவே வர்றது ஈஎக்ஸ். முதலாவதுல 1900 ஆர்பிஎம்ல டார்க் எல்லை 1865 ஃபுட்-பவுண்ட், ஈஎக்ஸ்ல 2397. ஒண்ணோட புத்தகத்தை வச்சுக்கிட்டு இன்னொண்ணை சோதிச்சா சண்டை தான் மிஞ்சும். அந்த விமானத்தோட நிஜ பைலட் ஹேண்ட்புக்ல பெர்ஃபாமென்ஸ் பகுதி, அதுல டேக் ஆஃப் டார்க் சார்ட், க்ளைம்ப் டார்க் சார்ட், க்ரூஸ் டேபிள், இந்த மூணும் கண்டிப்பா கையில இருக்கணும். இது இல்லாம பண்ற சோதனை எல்லாம் "எனக்கு அப்படி தோணுது" ரகம்.

அடுத்து வானிலை. சோதிக்கறப்போ லைவ் வெதரை அணைச்சிடுங்க, நீங்களே கையால செட் பண்ணுங்க. முதல் ஓட்டம் ஸ்டாண்டர்ட் நாள், அதாவது கடல் மட்டத்துல 15 டிகிரி, பிரஷர் 1013, காத்து சுத்தமா இல்ல. இது புத்தகத்தோட ஒப்பிடறதுக்கு. ரெண்டாவது ஓட்டம் நம்ம ஊரு கத்திரி வெயில், 40 டிகிரி, பிரஷர் 1004 வாக்குல. இப்போ கணக்கு பாருங்க, ஸ்டாண்டர்டை விட 25 டிகிரி ஜாஸ்தி, ஒரு டிகிரிக்கு சுமார் 120 அடி டென்சிட்டி ஆல்டிடியூட் (காத்து எவ்ளோ மெலிசுங்கறதை உயரமா சொல்ற அளவு) ஏறும், அதுவே 3,000 அடி, பிரஷர் குறைஞ்சதுக்கு இன்னொரு 250 அடி. மீனம்பாக்கம் கடல் மட்டத்துலேர்ந்து 50 அடி தான் உயரம், ஆனா மே மாச மதியம் அந்த ரன்வேல நிக்கற விமானத்துக்குக் கிடைக்கற காத்து, ஸ்டாண்டர்ட் நாள்ல பெங்களூர் ஏர்போர்ட்ல, அதாவது 3,000 அடி உயரத்துல, கிடைக்கற காத்தை விட கொஞ்சம் மெலிசு. இதனால தான் நம்ம ஊர்ல இருந்து சோதிக்கறது ரொம்ப நல்லது, வெளிநாட்டுல குளிர் ஊர்ல உக்காந்து டியூன் பண்ண மாடல்கள் பலதும் 15 டிகிரில ஒழுங்கா இருக்கும், 40 டிகிரில உண்மை வெளிய வந்துடும்.

ஸ்டார்ட் பண்றதுலேர்ந்து தொடங்கலாம். கேரவன்ல பேட்டரி 24 வோல்ட் இருக்கான்னு பாத்துட்டு தான் ஸ்டார்ட்டரைப் போடுவாங்க, என்ஜி 12 சதவீதத்துக்கு மேல போய் நிலைச்ச பிறகு ஃப்யூவல் கண்டிஷன் லீவரை (எரிபொருளைத் திறந்து மூடற லீவர்) லோ ஐடிலுக்குத் தள்ளுவாங்க, பத்து செகண்டுக்குள்ள பத்திக்கணும், ஐடிடி சரசரன்னு ஏறி ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கணும், என்ஜி 52 சதவீதம் கிட்ட வந்து நிக்கணும். ஸ்டார்ட்ல ஐடிடி எல்லை 1090 டிகிரி, அதுவும் ரெண்டே செகண்ட். இப்போ உங்க சிமுலேட்டர்ல வேணும்னே தப்பா பண்ணிப் பாருங்க. என்ஜி 6 சதவீதம் இருக்கறப்போவே லீவரைத் தள்ளுங்க. காத்து போதாம எரிபொருள் மட்டும் உள்ள போனா சூடு எகிறணும், அது தான் ஹாட் ஸ்டார்ட். உங்க மாடல்ல ஐடிடி ஒவ்வொரு தடவையும் அதே உச்சத்தைத் தொட்டு அதே மாதிரி இறங்குதுன்னா அது வெறும் அனிமேஷன். இன்னொரு சோதனை, விமானத்தை ஓட்டிட்டு வந்து அணைச்சு உடனே திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, உள்ள மிச்சமிருக்கற சூட்டுலேர்ந்து ஐடிடி தொடங்கணும், அறை வெப்பத்துலேர்ந்து இல்ல. பேட்டரி சோர்ந்து போயிருந்தா என்ஜி மெதுவா ஏறி உச்ச சூடு இன்னும் கூடணும். எக்ஸ்-பிளேன்ல ஹாட் ஸ்டார்ட் நிறுவனத்தோட டிபிஎம் 900 வந்தப்போ அதுக்கு அவ்ளோ பேர் கிடைச்சதுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தான் காரணம், இன்ஜினை பாழாக்கினா அந்த பாதிப்பு அடுத்த ஃப்ளைட்டுக்கும் கூடவே வரும்.

இன்ஜின் ஓடிட்டு இருக்கறப்போவே, தரையில வச்சே, பிரொப்பெல்லர் லீவரை முழுசா பின்னாடி இழுத்து ஃபெதர்ல, அதாவது பிளேடு காத்துக்கு ஓரமா திரும்பற நிலைல, போடுங்க. ஃப்ரீ டர்பைன்ல என்ன ஆகணும்? பிரொப்பெல்லர் வேகம் நல்லா குறையணும், ஆனா என்ஜி அசையாம 52ல நிக்கணும். என்ஜியும் சேர்ந்து இறங்கினா உங்க மாடல் உள்ளுக்குள்ள ரெண்டையும் ஒரே ஷாஃப்ட்டா கட்டி வச்சிருக்குன்னு அர்த்தம்.

ஒரே ஷாஃப்ட் இருக்கற நிஜ இன்ஜினும் உண்டு, அது டிபிஇ331, டோர்னியர் 228ல இருக்கறது. நம்ம கோஸ்ட் கார்டு சென்னைலேர்ந்து பறக்கற டோர்னியரும் இந்தக் குடும்பம் தான், ஹெச்ஏஎல் கான்பூர்ல கட்டறது. இதுல ஸ்டார்ட்டர் போட்ட உடனே பிரொப்பெல்லரும் கூடவே சுத்த ஆரம்பிக்கணும், பிடி6 மாதிரி கொஞ்சம் தயங்கி அப்புறம் சுத்தக் கூடாது. நிக்க வச்சிருக்கற விமானத்தைப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், பிடி6ல ஆயில் பிரஷர் போன உடனே ஸ்பிரிங்கும் கவுன்ட்டர்வெயிட்டும் பிளேடை ஃபெதருக்குத் திருப்பிடும், அதனால பிளேடு காத்துக்கு ஓரமா திரும்பி நிக்கும். டிபிஇ331ல அடுத்த ஸ்டார்ட்டுக்கு சுமை கம்மியா இருக்கணும்னு ஸ்டார்ட் லாக் போட்டு பிளேடைத் தட்டையா நிறுத்தி வச்சிருப்பாங்க. பறக்கறப்போ அதோட ஆர்பிஎம் கிட்டத்தட்ட நூறு சதவீதத்துலயே இருக்கும், லீவரைத் தள்ளினா எரிபொருளும் பிளேடு கோணமும் தான் மாறும், அதனால பவர் உடனே வரும். பிடி6ல முதல்ல என்ஜி ஏறணும், அப்புறம் தான் டார்க் வரும், அந்த தாமதம் கண்ணுக்குத் தெரியணும். எக்ஸ்-பிளேனோட பிளேன் மேக்கர்ல (விமான மாடல் செய்யற சாஃப்ட்வேர்) ஃப்ரீ டர்பைன், ஃபிக்ஸ்டு டர்பைன்னு ரெண்டும் தனித்தனியா இருக்கு, யாராவது செஞ்ச இலவச டோர்னியரை இறக்கினா அதுல எது டிக் ஆகியிருக்குன்னு முதல்ல பாருங்க.

டாக்ஸி பண்றப்போ ஒரு விஷயம். ஐடில்லயே டர்போபிராப் நல்லா இழுக்கும், நிஜத்துலயும் அப்படி தான், அதனால விமானம் தானா வேகமெடுக்குதேன்னு உடனே மாடலைத் திட்ட வேண்டாம். நிஜ பைலட் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போக மாட்டாங்க, பவர் லீவரை ஐடிலுக்குக் கீழ, பீட்டா ரேஞ்சுக்கு இழுப்பாங்க. அங்க லீவர் நேரடியா பிளேடு கோணத்தை மாத்தும், கோணம் குறைய குறைய இழுப்பு பூஜ்யமாகி, அதுக்கும் பின்னாடி ரிவர்ஸ். உங்க சிமுலேட்டர்ல பீட்டால லீவரைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தா வேகமும் கொஞ்சம் கொஞ்சமா குறையணும். ஒரு புள்ளி வரைக்கும் ஒண்ணும் நடக்காம இருந்து திடீர்னு ரிவர்ஸ் பாய்ஞ்சா, மாடல் சரியில்லாம இருக்கலாம், இல்ல உங்க லீவர் செட்டிங் சரியில்லாம இருக்கலாம், அதைப் பின்னாடி சொல்றேன். இதோட என்பியையும் பாருங்க, டாக்ஸில என்பி 1900க்குக் கீழ தான் இருக்கணும், பவர் கூட்டினா ஏறி 1900ல போய் நிக்கணும், அதுக்கப்புறம் எவ்ளோ தள்ளினாலும் கவர்னர் பிளேடைத் திருப்பி அதே 1900லயே பிடிச்சு வைக்கணும்.

இப்போ டேக் ஆஃப். கேரவன் மாதிரி விமானத்துல லீவரை முழுசா தள்ளினா, குளிர்ந்த காலைல, டார்க் 1865ஐத் தாண்டிப் போகணும். ஆமா, தாண்டணும். தடுக்கறதுக்கு அங்க கம்ப்யூட்டர் கிடையாது, கியர்பாக்ஸ் தாங்கற எல்லையைக் காப்பாத்தறது பைலட்டோட கண்ணும் கையும் தான். சிமுலேட்டர்ல முழுசா தள்ளியும் முள்ளு சரியா சிவப்புக் கோட்டுலயே வந்து சமத்தா நின்னா, அந்த மாடல் உங்க வேலையை எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். இதுல விதிவிலக்கு இருக்கு. பிசி-12 என்ஜிஎக்ஸ், டிபிஎம் 960 மாதிரி புது விமானங்கள்ல இன்ஜின் கம்ப்யூட்டர் பாத்துக்கும். ஏடிஆர் 72-600லயும் லீவரை நாட்ச்ல (லீவர் தடத்துல அதுக்குன்னு குறிச்ச இடம்) வச்சா போதும், சாதாரண டேக் ஆஃப்ல டார்க் 90 சதவீதம் கிட்ட தான் காட்டும், ஒரு இன்ஜின் செத்தா மட்டும் இன்னொண்ணு தானாவே 100க்கு ஏறும். அதனால ஏடிஆர்ல ரெண்டு இன்ஜினும் நல்லா ஓடறப்போ 100 காட்டுச்சுன்னா தான் சந்தேகப்படணும். டேக் ஆஃப் முடிஞ்சு க்ளைம்ப் பவருக்கு வந்ததும் என்பி 100லேர்ந்து 82க்கு இறங்கும், சத்தம் மாறுறது கேபின்ல உக்காந்திருக்கறவங்களுக்கே கேக்கும், சிமுலேட்டர்லயும் கேக்கணும்.

கேரவனுக்கே திரும்ப வருவோம். ரன்வேல நின்னுக்கிட்டு டார்க்கை 1750க்கு செட் பண்ணி லீவரைத் தொடாம ஓடுங்க. வேகம் ஏற ஏற இன்டேக்ல காத்து இன்னும் அழுத்தமா நுழையும், டார்க் தானாவே கொஞ்சம் ஏறணும். அதனால தான் நிஜத்துல எல்லைக்குக் கொஞ்சம் கீழ வச்சுட்டு ஓடறாங்க. முள்ளு அசையவே இல்லன்னா குறிச்சுக்கோங்க.

எல்லாத்துலயும் முக்கியமான சோதனை க்ளைம்ப் தான், இதுக்கு நேரம் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. ரன்வே 07லேர்ந்து கிளம்பி நேரா கடல் பக்கம் போங்க, தடங்கல் எதுவும் இருக்காது. 1900 ஆர்பிஎம், புத்தகம் சொல்ற க்ளைம்ப் ஸ்பீடு, டார்க்கை எல்லைல பிடிச்சுட்டு ஏறுங்க. ஒவ்வொரு 2,000 அடிக்கும் டார்க், ஐடிடி, என்ஜி, ஃப்யூவல் ஃப்ளோ, வெளி வெப்பம் இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க, பாஸ் போட்டுக்கூட எழுதலாம். என்ன நடக்கணும்னா, உயரம் ஏற ஏற காத்து மெலிசாகுது, லீவரை அப்படியே விட்டா டார்க் இறங்கும், அதைத் தக்க வைக்க நீங்க லீவரைத் தள்ளிட்டே இருக்கணும், தள்ளத் தள்ள ஐடிடி ஏறும். ஒரு உயரத்துல ஐடிடி க்ளைம்ப் எல்லையைத் தொடும், 114ஏ இன்ஜினுக்கு அது 765 டிகிரி. அங்கேர்ந்து ஆட்டம் மாறுது, இனிமே நீங்க பிடிச்சுக்கறது ஐடிடியை, டார்க் தானா இறங்கிட்டே போகும், ஏறற வேகமும் குறையும். அந்த உயரத்தை வட்டம் போட்டு குறிச்சுக்கோங்க. இப்போ அதே சோதனையை 40 டிகிரி வெயில்ல திரும்ப பண்ணுங்க. மேலயும் சூடு அதே அளவு கூடியிருக்கணும், ஸ்டாண்டர்ட் நாள்ல 10,000 அடில மைனஸ் 5 டிகிரின்னா உங்க வெதர் செட்டிங்ல அது ப்ளஸ்ல இருக்கணும், சில சிமுலேட்டர்ல தரை வெப்பத்தை மட்டும் மாத்தினா மேல மாறாம இருக்கும், அதனால வெளி வெப்பமானியைப் பாத்து உறுதி பண்ணுங்க. இந்த ரெண்டாவது ஓட்டத்துல வட்டம் போட்ட உயரம் நல்லா கீழ இறங்கணும், சில ஆயிரம் அடி இறங்கலாம். அது நகரவே இல்லன்னா உங்க இன்ஜின் மாடல் வெப்பத்தை சும்மா மீட்டர்ல காட்டுது, கணக்குல எடுத்துக்கலன்னு அர்த்தம். நகர்ந்தா, எவ்ளோ நகர்ந்துச்சுன்னு புத்தகத்தோட க்ளைம்ப் டார்க் சார்ட்ல ஒப்பிடுங்க.

ஒரு எச்சரிக்கை, சென்னை ரன்வேலயே, மே மாசத்துலயே, ஐடிடி முதல்ல முட்டும்னு எதிர்பார்க்காதீங்க. இந்த இன்ஜின்களை ஃப்ளாட் ரேட்டிங்னு சொல்ற முறையில அமைச்சிருக்காங்க, உள்ள இருக்கற மையப் பகுதியால கியர்பாக்ஸ் எல்லையை விட ரொம்ப ஜாஸ்தி தர முடியும், அந்த மிச்சத்தைத் தான் சூடும் உயரமும் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். டிபிஎம்ல இருக்கற 850 ஹார்ஸ்பவர் இன்ஜின் இதுக்கு நல்ல உதாரணம், அது உள்ளுக்குள்ள அதை விட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி உள்ளது, அதனால தான் ரொம்ப உயரம் வரைக்கும் டார்க்கை விடாம வச்சிருக்கும். ஆக தரை மட்டத்துல நீங்க பாக்க வேண்டியது இடைவெளியை, டிசம்பர் விடிகாலை 22 டிகிரில அதே டார்க்குக்கு ஐடிடி எவ்ளோ, மே மதியம் எவ்ளோ. இடைவெளி தெளிவா சுருங்கியிருக்கணும், ஃப்யூவல் ஃப்ளோவும் என்ஜியும் கூடியிருக்கணும்.

க்ளைம்ப்ல இருக்கறப்போவே இன்னும் ரெண்டு ஸ்விட்சைத் தட்டிப் பாத்துடுங்க. ஒண்ணு இனர்ஷியல் செபரேட்டர், மழைலயும் தூசிலயும் இன்ஜினுக்குள்ள குப்பை போகாம காத்தை வளைச்சு விடறது, ஐப்பசி கார்த்திகை மழைல நம்ம பக்கம் பறந்தா அடிக்கடி தேவைப்படும். அதை பைபாஸ்ல போட்டா இன்டேக் காத்து குறையும், டார்க் இறங்கணும், திரும்ப அதே டார்க் வேணும்னா ஐடிடி கூடணும். இன்னொண்ணு பிளீட் ஏர், இன்ஜின்லேர்ந்து கேபினுக்குக் காத்து எடுத்தா அதுக்கும் இதே மாதிரி விலை கொடுக்கணும். இது ரெண்டையும் போட்டா மீட்டர்ல ஒரு சலனமும் இல்லாத மாடல்கள் ஏராளம், ஸ்விட்ச் அசையும், லைட் எரியும், அதோட சரி.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை, ஏன்னா இதுக்கு புத்தகமே வேண்டாம், ஃபோன்ல இருக்கற கால்குலேட்டர் போதும். ஹார்ஸ்பவர்னா டார்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி 5252ஆல வகுத்தா வர்றது. 1865ஐ 1900ஆல பெருக்கி வகுத்துப் பாருங்க, 675 வரும், மேல சொன்ன எண்கள் எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியும். இப்போ சமமா பறந்துட்டு, 1900 ஆர்பிஎம்ல டார்க்கை 1500க்கு வைங்க, அது சுமார் 543 ஹார்ஸ்பவர். பவர் லீவரைத் தொடாம பிரொப்பெல்லர் லீவரை மட்டும் இழுத்து 1700க்குக் கொண்டு வாங்க. எரியற எரிபொருள் மாறல, வர்ற சக்தியும் கிட்டத்தட்ட அதே தான், சுத்தற வேகம் குறைஞ்சதால முறுக்கு கூடணும், டார்க் 1670 பக்கம் வரணும். ஐடிடியும் என்ஜியும் பெருசா அசையக் கூடாது. உங்க சிமுலேட்டர்ல டார்க் 1500லயே நின்னாலோ ஆர்பிஎம்மோட சேர்ந்து இறங்கினாலோ அடிப்படை இயற்பியலே தப்பா இருக்கு, அந்த விமானத்துல மேற்கொண்டு நுணுக்கமா சோதிக்கறதுல பிரயோஜனம் இல்ல.

க்ரூஸுக்கு வந்தா எல்லாரும் வேகத்தை மட்டும் பாத்துட்டு "கரெக்டா இருக்கு"ன்னு சொல்லிடறாங்க. டிபிஎம் 930க்கு 28,000 அடில 330 நாட்ஸ் உச்ச க்ரூஸ்னு கம்பெனி சொல்லுது, சிமுலேட்டர்லயும் 330 வந்துச்சு, சந்தோஷம். ஆனா டார்க் என்ன, ஃப்யூவல் ஃப்ளோ என்ன? மூணும் ஒரே நேரத்துல பொருந்தணும். இன்ஜின்ல பவர் ஜாஸ்தி வச்சுட்டு, விமானத்துக்கு காத்துத் தடையும் ஜாஸ்தி வச்சா, ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு மறைச்சு க்ரூஸ் வேகம் மட்டும் சரியா வந்துடும். அதைப் பிடிக்கறது சுலபம், க்ளைம்ப்ல மெதுவா பறக்கறப்போ அந்த மாதிரி தடை அவ்ளோ தெரியாது, மிச்ச பவர் தெரியும், அதனால ஏறற வேகம் புத்தகத்தை விட நல்லா ஜாஸ்தியா வரும். க்ரூஸ் சரி, க்ளைம்ப் மட்டும் ராக்கெட் மாதிரின்னா காரணம் பெரும்பாலும் இது தான். ஒப்பிடறப்போ எடையும் புத்தகத்துல இருக்கற எடையா இருக்கணும், வேகம் ட்ரூ ஏர்ஸ்பீடா (காத்துல விமானம் நிஜமா போற வேகம்) இருக்கணும், மீட்டர்ல தெரியற இண்டிகேட்டட்டை எடுத்துக்கிட்டு 28,000 அடில 100 நாட்ஸுக்கும் மேல குறையுதேன்னு குழம்பாதீங்க.

இறங்கறப்போ ஒண்ணே ஒண்ணு. பவரை ஐடிலுக்கு இழுத்து பிரொப்பெல்லர் லீவரை முழுசா முன்னாடி வைங்க, பிளேடு தட்டையாகி முன்னாடி பெரிய தட்டு பிடிச்ச மாதிரி காத்தைத் தடுக்கும், விமானம் மூக்கைக் கவுத்து நல்லா இறங்கணும். அப்படியே ஃபெதர்ல போட்டா இறங்கற வேகம் தெளிவா குறைஞ்சு வழுக்கிட்டுப் போகணும். ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லாத மாடல்ல இன்ஜின் ஃபெயிலியர் பயிற்சி பண்ணி ஒண்ணும் கத்துக்க முடியாது.

இப்போ லீவர். பாதி பிரச்சனை மாடல்ல இல்ல, மேஜை மேல இருக்கு. ஜாய்ஸ்டிக்கோட வர்ற அந்த சின்ன ஸ்லைடர்ல டர்போபிராப்பை நுணுக்கமா ஓட்டவே முடியாது, ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்தினா டார்க் 200 தாவும். ரெடிமேட் த்ராட்டில் குவாட்ரன்ட் வாங்க வசதி இருந்தா நல்லது, இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வாங்க. ஆர்டுயினோ லியோனார்டோங்கற சின்ன கண்ட்ரோலர் போர்டு ஒண்ணு, காந்தத்தை வச்சு லீவர் எங்க இருக்குன்னு உணர்ற ஹால் சென்சார் மூணு, சின்ன காந்தம் மூணு, லியோனார்டோவை கம்ப்யூட்டர் நேரடியா ஜாய்ஸ்டிக்கா எடுத்துக்கும், அதுக்கான லைப்ரரி இலவசமா கிடைக்குது. சாதா பொட்டன்ஷியோமீட்டர் போட்டாலும் ஓடும், விலை கம்மி, ஆனா திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோர வீடுகள்ல உப்புக் காத்துக்கும் தூசிக்கும் அது சீக்கிரமே குதிக்க ஆரம்பிக்கும், லீவரைத் தொடாமலே டார்க் முள்ளு நடுங்கும். ஹால் சென்சார்ல உரசல் இல்ல, அதனால அந்தத் தொல்லை கிடையாது. லீவரோட நீளம் பத்து சென்டிமீட்டருக்குக் கம்மியா வேண்டாம், நீளம் கூடினா நுணுக்கம் கூடும். ஐடில் இருக்கற இடத்துல ஒரு தடை வைங்க, லீவரைத் தூக்கினா தான் பீட்டாக்குப் போகற மாதிரி, நிஜத்துலயும் காத்துல இருக்கறப்போ தெரியாம பீட்டாக்குப் போயிடக் கூடாதுன்னு தான் அந்தத் தடையே இருக்கு.

சாஃப்ட்வேர்ல ஆக்ஸிஸ் கர்வை நேர்கோடா வைங்க, எஸ் வடிவ வளைவெல்லாம் ஸ்டிக்குக்கு சரி, பவர் லீவருக்கு வேண்டாம். ஐடில் புள்ளி சிமுலேட்டர்ல எங்க இருக்கோ அங்க உங்க தடை வர்ற மாதிரி கேலிப்ரேட் பண்ணுங்க. முன்னாடி சொன்ன, திடீர்னு ரிவர்ஸ் பாயற பிரச்சனை நிறைய பேருக்கு இதுலயே சரியாகிடும்.

மாடலோட ஃபைலைத் திறந்து எண்ணை மாத்தலாமான்னு கேப்பீங்க. மைக்ரோசாஃப்ட் பக்கம் டர்போபிராப் பகுதியில பவர் ஸ்கேலர்னு ஒரு எண் இருக்கும், அதைக் குறைச்சா பவர் குறையும், அது உண்மை தான். ஆனா அது எல்லா உயரத்துலயும் எல்லா வெப்பத்துலயும் ஒரே மாதிரி வெட்டும். உங்க மாடல்ல டார்க் ஐடிடி மாறுற உயரம் தப்புன்னா அதை இந்த ஒரு எண்ணால சரி பண்ண முடியாது, க்ரூஸை சரி பண்ணப் போய் டேக் ஆஃபைக் கெடுத்துடுவீங்க. மொத்த பவரும் எல்லா இடத்துலயும் ஒரே விகிதத்துல ஜாஸ்தின்னு உங்க நோட்டு காட்டினா மட்டும் தொடுங்க, ஒரிஜினல் ஃபைலைக் காப்பி எடுத்து வச்சுட்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் மாத்தி, க்ளைம்ப் சோதனையை முழுசா திரும்ப ஓட்டிட்டு தான் அடுத்த எண்ணுக்குப் போகணும்.

கடைசியா அணைக்கறப்போ பாக்க வேண்டியது. ஐடில்ல ஒரு நிமிஷம் விட்டு ஐடிடி இறங்கி நிலைச்ச பிறகு பிரொப்பெல்லரை ஃபெதர்ல போட்டு கண்டிஷன் லீவரை கட் ஆஃபுக்கு இழுங்க. என்ஜி தன் போக்குல இறங்கணும், ஐடிடி படக்குனு பூஜ்யத்துக்கு விழாம மெதுவா ஆறணும், பிரொப்பெல்லர் தனியா சுத்தி தனியா நிக்கணும். நின்ன பிறகு வெளி கேமராவுக்குப் போய் பிளேடு ஃபெதர்ல ஓரமா திரும்பி இருக்கான்னு பாத்து, அதையும் நோட்டுல எழுதிடுங்க, அடுத்த அப்டேட் வந்ததும் இதே வரிசைல திரும்ப ஓட்டி எது மாறியிருக்குன்னு ஒப்பிட அந்தப் பக்கம் தேவைப்படும்.